எல்லார் பேரும் இருக்கு

ஆடி 4, ஞாயிறு

காலை முதல் காற்று. மாடியில் காயப்போட்ட போர்வை பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். என் வீட்டுக்காரர் போய்ப் பத்து நிமிஷம் பேசி வாங்கி வந்தார், கூடவே ஒரு கட்டு முருங்கைக்காய். நான் போயிருந்தால் சண்டையோடு வந்திருப்பேன்.

மாலை ஞாயிறு மேடை. லைப்ரரியில் புத்தகத்துக்கு நம்பர் ஒட்டிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, "வாராவாரம் நம்ம ஹால்ல ஏதாவது கலை நிகழ்ச்சி நடத்துங்க பிரேமா, ஊர் ஜனமும் வரட்டும்" என்று கல்லூரி முதல்வர் என் தலையில் கட்டி ஒரு வருஷம் ஆகிறது. இன்று நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

5.30: தொடங்க வேண்டியது.
6.10: சிறப்பு விருந்தினர் வந்தார். கூடவே ஒரு பட்டாளம்.
6.15: குத்துவிளக்கு. காற்றில் மூன்று தடவை அணைந்தது. கதவைச் சாத்திவிட்டு ஏற்றினோம்.
பிறகு: வரவேற்புரை, தலைமையுரை. முன்னிலை வகித்த இரண்டு பேரும் பேசினார்கள் (முன்னிலை என்றால் சும்மா உட்காருவது என்று நினைத்திருந்தேன்). வாழ்த்துரை நான்கு. சிறப்புரை.
பொன்னாடை: ஏழு.
7.45: பரதநாட்டியம்.
8.00: ஹாலைப் பூட்ட வேண்டிய நேரம்.

ஆடியவள் அபிராமி, பி.எஸ்சி. இரண்டாம் வருஷம். சலங்கை கட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் ஓரத்தில் நின்றாள். அவள் மேடைக்கு வரவும் சிறப்பு விருந்தினர் எழுந்திருக்கவும் சரியாக இருந்தது. அவர் எழுந்ததும் முன்னால் மூன்று வரிசை எழுந்தது. மீதி நாற்காலிகளைப் பார்த்து ஆடினாள், கால் மணி நேரம்.

அவள் அம்மா மயிலாடுதுறையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். மடியில் ஒரு பை நிறையக் கதம்பம். "இவ்வளவுதானாங்க மேடம்? மூணு பாட்டுக்குத் தயார் பண்ணியிருந்தா."

வெட்கம். சும்மா வருத்தம் என்று எழுதினால் பொய்.

திரையை மூடிக்கொண்டே செல்வராசு சொன்னார், "அந்த ஏழு சால்வையில ஒண்ணை அந்தப் பொண்ணுக்குப் போட்டிருக்கலாம்." செல்வராசு எங்கள் ஹால் உதவியாளர். சாவி, மைக், நாற்காலி, திரை, எல்லாம் அவர்தான். திரைக்கு இன்னும் பழைய கயிறுதான். இடது பக்கம் பாதியில் சிக்கும். அவர் மணிக்கட்டைச் சுண்டி ஒரு வெட்டு வெட்டினால் விடும். வேறு யார் இழுத்தாலும் நிற்கும்.

முட்டி வலி. எண்ணெய் தேய்க்கச் சோம்பல்.

ஆடி 5, திங்கள்

காற்று, தூசி. லைப்ரரி ஜன்னல் ஒன்று கொக்கி போய் அடித்துக்கொண்டே இருந்தது. அட்டைப்பெட்டி மடித்துச் செருகினேன்.

முதல்வர் கூப்பிட்டனுப்பினார். (இனி மு. முழுதாக எழுதினால் எரிச்சல் வருகிறது.) சனி, ஞாயிறு ஹாலை ஒரு கோச்சிங் சென்டர் கேட்கிறதாம். அரசுத் தேர்வுப் பயிற்சி.

"மேடை நல்ல விஷயந்தான் பிரேமா. ஆனா ஆளு வரலையே. நேத்து அந்தப் பொண்ணு ஆடும்போது எத்தனை பேர் இருந்தாங்க?"

"நீங்களும் போயிட்டீங்க சார்."

ஃபைலைத் திறந்துகொண்டே அவர், "ஆடி முடியறதுக்குள்ள ஒரு ஞாயிறு, ஒரே ஒரு ஞாயிறு, ஹால் நிறைஞ்சிடணும். இல்லன்னா ஆவணியிலேருந்து அவங்களுக்குக் குடுத்துடுறேன்."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். படி இறங்கும்போதுதான் என்ன சொல்லியிருக்கிறோம் என்று உறைத்தது. காலண்டரில் மிச்சம் மூன்று ஞாயிறு. அதில் ஒன்று ஆடிப்பெருக்கு, ஊரே ஆற்றில் இருக்கும். ஆக இரண்டு.

விடப்போவதில்லை. அந்த அம்மாவின் கதம்பப் பை கண்ணிலேயே நிற்கிறது.

ஆடி 7, புதன்

முடிவு செய்தாயிற்று. வரும் ஞாயிறு:
குத்துவிளக்கு கிடையாது.
பொன்னாடை கிடையாது.
உரை எதுவும் கிடையாது, நன்றியுரை உட்பட.
அழைப்பிதழில் ஒருத்தர் பேரும் கிடையாது. பாட்டு, நேரம், இடம். அவ்வளவுதான்.

மு. படித்துவிட்டுத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் பேர் இருக்குமோ என்று. "தலைமை?" "இல்ல சார்." "வரவேற்பு?" "கதவு திறந்திருக்கும் சார், வரலாம்."

சிரிக்கவில்லை.

வாங்க: துவரம்பருப்பு, இவர் கண்ணாடிக்கு ஸ்க்ரூ, முட்டிக்குத் தைலம்.

ஆடி 11, ஞாயிறு

காற்று இன்று கொஞ்சம் அடங்கியது. சரியாக 5.30க்குத் தொடங்கினோம். சரித்திரத்தில் முதல் தடவை.

ஜாபர், எம்.ஏ. வரலாறு, நாகூர்க்காரன். தர்காவில் பாடுவார்களே, கையில் வட்டமான தோல் வாத்தியம் தட்டிக்கொண்டு, அந்தப் பாட்டு. அவன் மாமாக்களிடம் கற்றுக்கொண்டது. விசிறிச் சத்தத்தில் தாளம் கேட்காது என்று செல்வராசு நடுவிலிருந்த இரண்டு ஃபேனை நிறுத்தினார், யாரும் சொல்லாமலே. என்ன குரல். ஒன்றே கால் மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் பாடினான். எனக்குப் புல்லரித்தது.

கேட்டவர்கள் பதினொரு பேர். என்னையும் செல்வராசுவையும் சேர்க்காமல்.

வாசல் மேசையில் வருகைப் பதிவேடு வைத்திருக்கிறோம். பெயர், ஊர், கருத்து என்று மூன்று கட்டம். பதினொரு கையெழுத்து. கருத்தில் ஒருவர் "அருமை". ஒருவர் "வியர்க்கிறது".

ஜாபர் என்னைத் தேற்றினான். "பரவால்ல மேடம், எங்க ஊர்ல கேக்கறவங்க பாதிப் பேரு தூங்கிடுவாங்க. இங்க யாரும் தூங்கல." நான் தேற்ற வேண்டியவள்.

ஹாலைப் பூட்டிவிட்டு நடந்தே வந்தேன். வழியில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், வரிசை தெரு முனை வரை. ஆள் இல்லாமல் இல்லை இந்த ஊரில். எங்களிடம் வர ஒரு காரணம் இல்லை, அதுதான்.

மிச்சம் ஒரு ஞாயிறு.

ஆடி 12, திங்கள்

காலையிலேயே இவரிடம் எரிந்து விழுந்தேன். காபியில் சர்க்கரை போட்டுவிட்டாராம். போட்டது நான்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, அழைப்பிதழை எடுத்துப் பார்த்தார். "பேரே இல்லாத பத்திரிகையை எவன் பத்திரமா வச்சிருப்பான்? எங்க சின்ன மாமா ஞாபகம் இருக்கா?"

இல்லாமல் என்ன. எங்கள் கல்யாணப் பத்திரிகையில் அவர் பேர் விட்டுப்போய் எட்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை.

"பேரு இருந்திருந்தா வந்திருப்பாரா?"

"முதல் ஆளா வந்து பந்தியில வாளி தூக்கியிருப்பாரு."

பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு போனேன். அன்றைக்குச் சிறப்பு விருந்தினரோடு வந்த பட்டாளம் நாட்டியம் பார்க்கவா வந்தது? தங்கள் ஆள் பேர் அச்சில் இருந்தது, வந்தார்கள். பேரை எடுத்தேன், போய்விட்டார்கள். நான் பேரை எடுத்ததுதான் தப்பு. ஏழு பேர் பேர் மட்டும் இருந்ததும் தப்பு.

ஆடி 13, செவ்வாய்

மேல வீதி மூர்த்தியின் அச்சகம். மெஷின் மேல் துண்டு விரித்துப் போட்டிருந்தது.

"ஆடி மாசம் மேடம். கல்யாணம் இல்ல, காதுகுத்து இல்ல. மெஷினுக்கே தூக்கம்."

அலமாரியில் போன முகூர்த்தத்தில் மிஞ்சிய கல்யாண அட்டைகள். இரண்டு பக்கம் வாழை மரம், மேலே மேளம் நாதஸ்வரம், ஓரத்தில் மஞ்சள். கட்டுக் கட்டாக. ஒன்றை எடுத்துத் திறந்தேன். உள்ளே வெறுமை. கீழே மட்டும் ஏற்கெனவே அச்சாகி இருந்தது: தங்கள் நல்வரவை விரும்பும். அதற்குக் கீழே உறவுக்காரர் பேர் போட நீளமாக இடம்.

"இதுல எத்தனை பேர் போடலாம் மூர்த்தி?"

"சின்ன எழுத்துன்னா நூத்திச் சொச்சம். போன தையில ஒரு சம்பந்தி வீட்டுக்காரங்க நூத்திருவது கேட்டாங்க, பூதக்கண்ணாடியோட குடுங்கன்னேன்."

"அந்தச் சின்ன எழுத்தே போடுங்க."

"யாருக்குக் கல்யாணம்?"

"நாடகத்துக்கு."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு துண்டை எடுத்து மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஆடி 14, புதன்

பேர் சேகரிப்பு. என் வழக்கப்படி. ஒரு வருஷத்துப் பதிவேட்டை எடுத்து, ஒரு தடவையாவது வந்து கையெழுத்துப் போட்டவர் எல்லோரையும் அட்டையில் எழுதினேன், புத்தகத்துக்கு எழுதுகிற அதே அட்டை. சிறப்பு விருந்தினர்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதில்லை, அவர்களுக்குத் தனி நோட்டு. ஆகவே அவர்கள் இல்லை. மு. ஒரே ஒரு தடவை போட்டிருக்கிறார். ஆகவே இருக்கிறார்.

பிறகு கல்லூரித் தெருவில் கடை கடையாக ஏறினேன். "உங்க பேரை நாடகப் பத்திரிகையில போடலாமா?" ஒருத்தரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. டீக்கடை தங்கமணி முழுப்பேர், அப்பா பேர் முதலெழுத்து எல்லாம் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். தையல் கடை தேவி, "எங்க வீட்டுக்காரர் பேரு வேணாம் மேடம், எம்பேரு மட்டும்."

வரிசை? அகர வரிசை. சண்டைக்கு வழியே இல்லாத ஒரே வரிசை உலகத்தில் அதுதான்.

நாடகம் கவிநிலாவுடையது. தமிழ் மூன்றாம் வருஷம், திருவையாற்றுப் பக்கத்து ஊர். அவளே எழுதி அவளே நடத்துகிறாள். சாயங்காலம் ஆறு மணி டவுன் பஸ் நடு வழியில் நின்றுவிடுகிறது, உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் வம்புக்குப் பிடித்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் கதை. ஒத்திகையில் சிரித்து எனக்கு விக்கல். இன்று கண்டக்டராக நடிக்கிறவன் வரவில்லை. வீட்டில் குறுவைக்குக் களையெடுப்பாம்.

"வராம போயிடுவானா?" என்றேன்.

"வந்துடுவான் மேடம். களை எடுத்துக்கிட்டே வசனம் சொல்றான்னு அவங்கம்மா போன் பண்ணித் திட்டுறாங்க."

ஆடி 16, வெள்ளி

அச்சாகி வந்துவிட்டது. மை வாசனை. நூற்றுப் பதினெட்டுப் பேர். மஞ்சள் ஓரம், வாழை மரம், நடுவில் "டவுன் பஸ், நாடகம்", கீழே சின்ன எழுத்தில் ஊர் மொத்தமும்.

மு. தன் பேரைத் தேடிப் பிடித்தார். "தங்கமணி, டீக்கடை. துரைராஜ், முதல்வர். தேவி, தையல் கடை." கண்ணாடியைக் கழற்றினார். "டீக்கடைக்கும் தையல் கடைக்கும் நடுவுல நானா?"

"அகர வரிசை சார்."

"அது தெரியுது."

ஒரு கத்தை எடுத்து மேசை மேல் வைத்துக்கொண்டார். திருப்பிக் கொடுக்கவில்லை. அது போதும்.

ஹால் கதவில் ஒட்டச் சொல்லிச் செல்வராசுவிடம் ஒன்று கொடுத்தேன். ஒட்டிவிட்டு அங்கேயே நின்று ரொம்ப நேரம் படித்தார். "நல்லா இருக்குங்க மேடம். எல்லார் பேரும் இருக்கு."

எனக்கு ஒரே குஷி. வரும் வழியில் அரைக் கிலோ ஜாங்கிரி. இவருக்குச் சர்க்கரை இருக்கிறது, மறந்துவிட்டேன்.

ஆடி 18, ஞாயிறு. பெருக்கு

ஆற்றில் தண்ணீர் படி மறைத்து ஓடுகிறது. ஊரே படித்துறையில். காதோலை கருகமணி விட்டு, மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு, எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் பொட்டலம் பிரித்துக்கொண்டு. பிள்ளைகள் சின்னச் சப்பரத் தேரை இழுத்து என் காலில் ஏற்றினார்கள். நானும் இவரும் சாமி கும்பிட்டுவிட்டு, மஞ்சள் பையிலிருந்து பத்திரிகையை எடுத்தோம்.

கவனித்தது: வாங்கிய யாரும் என்ன நாடகம் என்று கேட்கவில்லை. எல்லோர் விரலும் நேராகச் சின்ன எழுத்துக்குப் போகிறது. தன் பேரைக் கண்டுபிடித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுகிறார்கள். பக்கத்தில் இருப்பவர் தன் பேரைத் தேடுகிறார், இல்லை என்றால் என்னைப் பார்க்கிறார். அந்தப் பார்வைக்கு நான் பயந்தே போனேன். பேர் இல்லாதவர்களுக்கு இவர் பதில் சொன்னார், "நீங்க மாப்பிள்ளை வீட்டுப் பக்கம், உங்களுக்குத் தனியா அச்சடிக்கிறோம்." பேசத் தெரிந்த மனுஷன்.

தேவி, பையைத் தூக்கிக்கொண்டு: "மூணு நாத்தனாரையும் கூட்டிட்டு வர்றேன் மேடம். அவங்க பேரெல்லாம் இதுல இல்லைல்ல?"

பை காலியாகிவிட்டது.

ஆடி 22, வியாழன்

மேகமூட்டம், மழை இல்லை. கவிநிலாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. மிளகு, பனங்கற்கண்டு கொடுத்தனுப்பினேன்.

மாலை ஆபீசில் ஒரு காகிதம். செல்வராசு, ஞாயிறு அன்று ஒரு நாள் விடுப்பு. காரணம்: சொந்த வேலை. ஹால் சாவியை ஆபீசில் ஒப்படைத்துவிட்டாராம்.

போன் செய்தேன். "என்ன செல்வராசு, வேற நாளே கெடைக்கலையா?"

"வெளியூர் போறேங்க மேடம்."

"எந்த ஊரு?"

"சாவி ஆபீஸ்ல இருக்குங்க. மைக் எல்லாம் சரி பண்ணி வச்சிட்டேன்."

கோபம் கோபமாக வருகிறது. ஒரு வருஷமாக ஒரு ஞாயிறுகூட லீவு போடாதவர். இந்த ஞாயிறா? மிச்சம் இருப்பதே இந்த ஒன்று. அவர் இல்லாமல் திரையை யார் இழுப்பது?

சாப்பிடவில்லை. இவர் ரசம் சாதம் பிசைந்து தட்டை என் முன்னால் வைத்தார். பாதி.

ஆடி 23, வெள்ளி

டீக்கடை. தங்கமணி கண்ணாடி டம்ளரைக் கழுவிக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார். "எல்லார் பேரும் போட்டீங்க. நம்ம செல்வராசு பேரு மட்டும் எங்க மேடம்? நேத்து இங்கதான் உக்காந்து மேலேருந்து கீழ வரைக்கும் ரெண்டு தடவை படிச்சாரு."

டீ சுட்டது.

லைப்ரரிக்கு ஓடிப்போய் அட்டைகளைப் பார்த்தேன். சண்முகம், சந்திரா, சுலோசனா, செந்தில், சேகர். செல்வராசு இல்லை. நான் பதிவேட்டைப் பார்த்து எழுதினேன். பதிவேட்டில் அவர் ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை. அதை எடுத்து வந்து, மேசை போட்டு, பேனாவை நூலில் கட்டி வைக்கிறவரே அவர்தான்.

இவ்வளவு நாள் லைப்ரரியில் இருந்து கற்றுக்கொண்டது இதுதான். பதிவில் இல்லாதது இல்லை.

"எல்லார் பேரும் இருக்கு" என்றாரே. நான் அதற்கு ஜாங்கிரி வாங்கித் தின்றேன்.

முதலில் கோபம்தான் திரும்ப வந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஒரு பேருக்காக இப்படியா, கேட்டிருந்தால் சேர்த்திருக்க மாட்டேனா என்று. பிறகு நினைத்துப் பார்த்தேன். பேருக்காகத்தான் ஜனம் வரும் என்று கணக்குப் போட்டதே நான். வருகிறவனுக்கு அது சரி, வராதவனுக்குத் தப்பா?

இவரிடம் சொன்னேன். நல்லவேளை, சின்ன மாமா பேச்சை எடுக்கவில்லை. "போன்ல வேணாம். நேர்ல போகணும். ரெண்டு பேருமா, தட்டோட."

"ஆடி மாசத்துல தாம்பூலமா?"

"தப்பு மட்டும் ஆடி மாசத்துலதானே நடந்துச்சு."

ஆடி 24, சனி

காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், ஒரு முழம் மல்லிகை, மேலே பத்திரிகை. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். காற்றில் வெற்றிலை பறக்காமல் கையை மேலே வைத்தபடி.

கரந்தையில் வீடு. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. செல்வராசு கட்டம் போட்ட லுங்கியில் வாசலில் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வெளியூரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர் மனைவி ராணி நாற்காலி போட்டார். எடுத்த எடுப்பில் அவர்தான். "நான் சொன்னேங்க மேடம், ஒரு காகிதத்துல பேரு இல்லன்னா என்னா கொறைஞ்சிட்டீங்கன்னு. ஒரு வாரமா சரியா சாப்பிடல."

"நீ சும்மா இரு," என்றார் செல்வராசு. பிறகு என்னிடம், தரையைப் பார்த்துக்கொண்டு: "பேருக்காகல்லாம் இல்லீங்க மேடம். இருபத்தாறு வருசமா எத்தனையோ நோட்டீஸ் ஒட்டியிருக்கேன். ஒண்ணுலயும் எம்பேரு வந்ததில்ல. வருத்தப்பட்டதும் இல்ல. அதெல்லாம் பெரிய மனுசங்க பேரு. இதுல எல்லார் பேரும் இருந்துச்சு. பேப்பர் போடுறவரு பேரு இருக்கு. அதான்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரணம் சொல்ல வாயெடுத்தேன், பதிவேடு, அட்டை, அகர வரிசை. எல்லாம் நிஜம்தான், ஒன்றும் சொல்லத் தகுந்ததாக இல்லை. "தப்பு என்னுது செல்வராசு. மறந்துட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

எழுந்து நின்று, நானும் இவரும் சேர்ந்து தட்டை நீட்டினோம். "நாளைக்கு அஞ்சரை மணிக்கு நாடகம். ரெண்டு பேரும் அவசியம் வரணும்."

அவர் வாங்கவில்லை. "வேலைக்கு வர்றதுக்கு எதுக்கு மேடம் தட்டு? வந்துடுறேன், லீவை எடுத்துடுறேன்."

"வேலைக்குக் கூப்பிட வரல. பாக்கக் கூப்பிட வந்தோம். லீவு அப்படியே இருக்கட்டும்."

"அப்ப திரை?"

"நான் இழுக்கிறேன்."

"அது சிக்கும் மேடம்."

"சிக்கட்டும்."

என்னையே பார்த்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ராணி வந்து தட்டை வாங்கிக்கொண்டார். காபி நன்றாக இருந்தது.

மதியம் ஹாலில் தனியாகத் திரையை இழுத்துப் பார்த்தேன். ஏழு தடவை. ஏழு தடவையும் பாதியில். கவிநிலா, "பாதித் திரையிலேயே பஸ்ஸு நின்ன மாதிரி வச்சுக்கலாம் மேடம்" என்கிறாள். உள்ளங்கையில் கயிறு உராய்ந்து எரிச்சல். தேங்காய் எண்ணெய்.

ஆடி 25, ஞாயிறு

நல்ல வெயில். காற்று. செய்ய வேண்டியது:
சாவி (ஆபீஸ்)
பதிவேடு, பேனா, நூல்
குடிதண்ணீர்
கண்டக்டர் பையன் வந்தானா (வந்தான், நகத்தில் சேறு)
கைக்குத் துணி

4.50க்கே ஆள் வர ஆரம்பித்தது. கையில் பத்திரிகை, கல்யாணத்துக்கு வருகிற மாதிரி. தங்கமணி கடையைச் சாத்திவிட்டு வந்தார். தேவி மூன்று நாத்தனார்களோடு. மூர்த்தி குடும்பத்தோடு வந்து, போகிற வருகிறவரிடமெல்லாம் "எழுத்து தெளிவா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அபிராமியும் மயிலாடுதுறை அம்மாவும். ஜாபர் விடுதியையே கூட்டி வந்தான்.

முன் வரிசையில் மட்டும் ஒருவரும் உட்காரவில்லை. பெரிய மனுஷர்கள் வருவார்களாம். "இன்னைக்கு யாரும் வர மாட்டாங்க, நீங்கதான், உக்காருங்க" என்று ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். மு. வந்தபோது தங்கமணிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு இடம். உட்கார்ந்தார். 5.25க்குச் சுவரோரம் நிற்க ஆரம்பித்தார்கள்.

வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

5.30. தள்ளிப்போடக் கூடாது. மேடைக்குப் போய் இடது ஓரத்தில் கையில் துணி சுற்றிக்கொண்டு கயிற்றைப் பிடித்தேன். அங்கிருந்து ஹால் தெரியாது. வெறும் சத்தம்தான். கவிநிலா தலையாட்டினாள். இழுத்தேன்.

பாதியில் நின்றது.

பாதித் திரையில் கண்டக்டர் மட்டும் தெரிகிறான், பஸ் தெரியவில்லை. ஹாலில் யாரோ சிரித்தார்கள். மறுபடி இழுத்தேன். தொங்கினேன் என்றே சொல்லலாம். அசையவில்லை. வியர்த்துக் கொட்டியது.

அப்போது ஹாலிலிருந்து ஒரு குரல், நாலாவது ஐந்தாவது வரிசையாக இருக்கும், நிதானமாக. "கீழ இழுக்காதீங்க மேடம். உங்க பக்கமா ஒரு வெட்டு."

வெட்டினேன். விட்டது. திரை போய்ச் சுவரில் முட்டியது. கைதட்டல் எனக்கா பஸ்ஸுக்கா தெரியாது.

ஒரு மணி நேரமும் நான் அங்கேதான் நின்றேன். ஓரத்திலிருந்து பார்த்தால் நடிக்கிறவர்களுடைய காதும் முதுகும்தான். ஹால் எதற்குச் சிரிக்கிறது என்று பாதி நேரம் தெரியவில்லை. கண்டக்டர் என்ன முகம் காட்டினானோ, மூன்று தடவை விசில் பறந்தது. முட்டி வலி.

முடிந்து ஆள் கலையும்போது மு. மேடையோரம் வந்தார். "கோச்சிங் சென்டருக்கு வேற இடம் பாக்கச் சொல்லிட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அடுத்த பத்திரிகையிலயும் அகர வரிசைதானா?"

செல்வராசு வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. ராணி தலையில் நான் கொண்டுபோன மல்லிகை. மேடைப் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார், "இத்தனை வருசத்துல நடிக்கிறவங்க முகத்தை இன்னைக்குத்தான் நேரா பாக்குறேன் மேடம்."

பதிவேட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். பேனாவை வாங்கி, மேசையில் குனிந்து, நிறுத்தி நிறுத்தி எழுதினார். இப்போது என் முன்னால் இருக்கிறது.

பெயர்: கோ. செல்வராசு.
ஊர்: கரந்தை.
கருத்து: நாடகம் நன்று. திரை இழுப்பவருக்குப் பயிற்சி தேவை.